வீடு அங்கேயேதான் இருக்கு, மாவட்டத்தைத்தான் காணோம்

ஆபீஸ்ல புதுசா சேர்ந்த பசங்களுக்கு ஜாவா சொல்லிக் கொடுக்கிற ஆணி இப்போ என் தலையில விழுந்திருக்கு. போன வாரம் ஒரு பையன் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்து நின்னான்.

"அண்ணே, ஃபைல் நாட் ஃபவுண்ட்னு வருதுண்ணே. ஆனா ஃபைல் அங்கேயேதான் இருக்கு. என் கண்ணால பார்க்கிறேன்!"

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. பையன் முறைச்சான். அவனைச் சொல்லிக் குத்தமில்ல. அரியலூர்க்காரனுக்கு இந்த வசனம் ரொம்பப் பழக்கம்னு அவனுக்கு எப்படித் தெரியும்? இருந்த இடத்துலயே இருந்துக்கிட்டு காணாமப் போறது எப்படின்னு எங்க ஊர்க்காரங்களைத்தான் கேக்கணும். அந்தக் கதைதான் இந்தப் பதிவு. கொசுவத்தி கொஞ்சம் பெருசு, பொறுத்துக்குங்க மக்களே.

அரியலூர்லேர்ந்து ஜெயங்கொண்டம் போற பக்கம் ஒரு கிராமம். தாத்தா கட்டின ஓட்டு வீடு. நான் பிறந்தப்போ அந்த வீடு திருச்சி மாவட்டத்துல இருந்துச்சு. 1995 நவம்பர் 1-ஆம் தேதி திருச்சியை மூணாப் பிரிச்சாங்க. திருச்சி, கரூர், பெரம்பலூர். எங்க வீடு பெரம்பலூர் மாவட்டத்துக்குப் போயிடுச்சு. 2001 ஜனவரி 1-ஆம் தேதி அரியலூர் தனி மாவட்டம் ஆச்சு. ஊரே சந்தோஷப்பட்டுச்சு, கலெக்டரைப் பார்க்க இனிமே பெரம்பலூர் வரைக்கும் பஸ் ஏற வேணாம்னு. பதினஞ்சே மாசம்தான். 2002 மார்ச் 31-ஓட அதைக் கலைச்சு மறுபடி பெரம்பலூரோடவே சேர்த்துட்டாங்க. அப்புறம் ஆட்சி மாறி, 2007 நவம்பர் 23-ஆம் தேதி மறுபடியும் அரியலூர் மாவட்டம்!

என் பெட்டியில இருக்கிற காகிதங்களை வரிசையா வெச்சா இப்படி இருக்கும். பிறப்புச் சான்றிதழ்ல திருச்சி மாவட்டம். 1999-ல பத்தாவது முடிச்சப்போ பெரம்பலூர் மாவட்டம். 2001 ஜூன்ல காலேஜுக்காக வாங்கின சாதிச் சான்றிதழ்ல அரியலூர் மாவட்டம். 2005-ல எடுத்த பாஸ்போர்ட்ல திரும்ப பெரம்பலூர். 2008-ல வாங்கின இருப்பிடச் சான்றிதழ்ல திரும்ப அரியலூர். வீடு ஒரு அடி கூட நகரல சாமி. ஓடு மட்டும் ரெண்டு தடவை மாத்தினோம் :-)

இன்னொரு கூத்து. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சரியா அந்தப் பதினஞ்சு மாசத்துக்குள்ள நடந்துச்சு. அதனால அந்தக் கணக்குல தமிழ்நாட்டுக்கு 30 மாவட்டம், அரியலூர் தனியா நிக்கும். அடுத்த வருஷமே அந்த மாவட்டம் இல்ல. கணக்குப் புத்தகத்துல இருக்கு, நாட்டுல இல்ல. 2011 கணக்கெடுப்புல பார்த்தா மறுபடி இருக்கு. பெரம்பலூர்ல 5,65,223 பேர், அரியலூர்ல 7,54,894 பேர். பிரிஞ்சு போன பிள்ளை தாய் வீட்டை விடப் பெருசு!

சரி, இதுக்கும் ஜாவாவுக்கும் என்ன சம்பந்தம்? இருக்கு. மொதல்ல ரெண்டும் ஒரே வருஷப் பிள்ளைங்க. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஜாவாவை உலகத்துக்கு அறிவிச்சது 1995 மே மாசம். பெரம்பலூர் மாவட்டம் அதே வருஷம் நவம்பர்ல. ஜாவாவோட முதல் பதிப்பு 1996 ஜனவரியில வந்தப்பவே அதுல பிராப்பர்ட்டீஸ்னு ஒரு கிளாஸ் இருந்துச்சு. ஒரு சாதாரண எழுத்து ஃபைல், ஒவ்வொரு வரியிலும் ஒரு பேரு, ஒரு சமக்குறி, ஒரு மதிப்பு. அவ்வளவுதான். டேட்டாபேஸ் எங்க இருக்கு, பாஸ்வேர்டு என்ன, பட்டியல்ல என்னென்ன வரணும்னு புரோகிராமுக்குள்ள எழுதாம வெளியில ஒரு ஃபைல்ல எழுதி வைக்கிற ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனா அந்த ஃபைலை எங்கே வைக்கிறது? அங்கதான் ஆரம்பிச்சுது ஏழரை.

ஆரம்ப காலத்துல ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு வழக்கம். 1999-ல வந்த சர்வ்லெட் 2.2-தான் ஒரு சட்டதிட்டம் கொண்டு வந்துச்சு. எல்லாத்தையும் மூட்டை கட்டி வார் ஃபைலா கொடு, உள்ள வெப்-இன்ஃப்னு ஒரு ஃபோல்டர் வை, அதுக்குள்ள வெப் டாட் எக்ஸ்எம்எல் இருக்கணும், கிளாஸ் எல்லாம் கிளாசஸ் ஃபோல்டர்ல, ஜார் எல்லாம் லிப் ஃபோல்டர்லன்னு. இந்தப் பதிப்பை எழுதினதுல முக்கியமானவர் ஜேம்ஸ் டங்கன் டேவிட்சன். டாம்கேட்டை முதல்ல எழுதினவரும் இவர்தான். அதே 1999-லதான் சன் கம்பெனி அதை அப்பாச்சிக்குக் கொடுத்துச்சு. அதுக்கப்புறம் ஸ்ட்ரட்ஸ் வந்துச்சு, 2004 மார்ச்சுல ஸ்பிரிங் 1.0 வந்துச்சு. ஒவ்வொண்ணும் தன் பங்குக்கு ஒரு எக்ஸ்எம்எல்லைக் கொண்டு வந்து வெப்-இன்ஃப்ல இறக்குச்சு. அந்தக் காலத்துல பொட்டி தட்டினவங்க யாரைக் கேட்டாலும் சொல்வாங்க, பாதி நாள் புரோகிராம் எழுதுறதுல போகும், மீதி நாள் "இந்த எக்ஸ்எம்எல் ஏன் கிடைக்கலன்னு சொல்றான்"னு தேடுறதுலயே போகும்.

இப்போ என் கதைக்கு வர்றேன். சொல்லக் கொஞ்சம் கூச்சமாத்தான் இருக்கு.

2006-ல சென்னையில ஒரு சின்னக் கம்பெனி. ஏழைப் பிள்ளைகளுக்குப் படிப்பு உதவித்தொகை தர்ற ஒரு அறக்கட்டளைக்கு ஆன்லைன் விண்ணப்பம் செஞ்சு கொடுத்தோம். ஜாவா, டாம்கேட், லினக்ஸ் சர்வர். விண்ணப்பத்துல மாவட்டம் தேர்ந்தெடுக்கிற பட்டியல் ஒண்ணு. அதை ஒரு பிராப்பர்ட்டீஸ் ஃபைல்ல வெச்சேன். தமிழ்ல பேரு வரணும்கிறதால ஒவ்வொரு எழுத்தையும் யூனிகோட் எண்ணா மாத்திப் போடணும். அப்போ அந்த ஃபைல் லத்தீன் எழுத்தைத்தான் நேரடியா படிக்கும். மாத்துறதுக்குன்னே ஒரு கருவி ஜாவாவோட வரும். அதுல போட்டு எடுத்தா நம்ம "அரியலூர்" ஒரு முழ நீளத்துக்கு எண்ணா நிக்கும்.

ஃபைலை டாம்கேட்டோட கான்ஃப் ஃபோல்டர்ல போட்டேன். புரோகிராம்ல பாதை எழுதும்போது முழுப் பாதை எழுதல. சும்மா "கான்ஃப், அதுக்குள்ள இந்த ஃபைல்"னு மட்டும் எழுதினேன். நான் எப்பவுமே டாம்கேட் ஃபோல்டர்ல நின்னுக்கிட்டுத்தான் அதை ஸ்டார்ட் பண்ணுவேன். அதனால கிடைச்சுது. ஒருவேளை கிடைக்கலன்னா? அதுக்கும் ஒரு புத்திசாலித்தனம் பண்ணி வெச்சேன். எக்ஸெப்ஷன் வந்தா சத்தம் போடாம முழுங்கிட்டு, புரோகிராமுக்குள்ளயே நான் டைப் அடிச்சு வெச்ச பட்டியலைக் காட்டும். 2006-ல தமிழ்நாட்டுல 30 மாவட்டம். முப்பதையும் அடிச்சேன். அரியலூர் அதுல இல்ல. ஏன்னா அப்போ அது மாவட்டமே இல்ல.

2007 நவம்பர்ல அரியலூர் திரும்ப வந்ததும் நானே ஆசையா பிராப்பர்ட்டீஸ் ஃபைல்ல ஒரு வரி சேர்த்தேன். எங்க ஊர் பேரு பட்டியல்ல வந்து நின்னதைப் பார்த்து அப்படி ஒரு சந்தோஷம். புரோகிராமுக்குள்ள இருந்த பழைய பட்டியலைச் சுத்தமா மறந்துட்டேன்.

2008 ஜூன். கரண்ட் போய் சர்வர் நின்னு திரும்ப வந்துச்சு. இந்தத் தடவை டாம்கேட்டை நான் ஸ்டார்ட் பண்ணல. சர்வர் பார்த்துக்கிறவர் போட்டிருந்த ஸ்கிரிப்ட் தானாவே ஸ்டார்ட் பண்ணிடுச்சு. அது நின்ன இடம் வேற, ஃபைல் சிஸ்டத்தோட உச்சி. அங்கேர்ந்து பார்த்தா "கான்ஃப்"னு ஒரு ஃபோல்டரே கிடையாது. ஃபைல் இருந்த இடத்துலதான் இருந்துச்சு, பார்க்கிறவன் நின்ன இடம் மாறிடுச்சு. எக்ஸெப்ஷன் வந்துச்சு, என் புரோகிராம் அதை முழுங்கிடுச்சு, பழைய பட்டியல் வந்துடுச்சு. தளம் ஜம்முனு ஓடுச்சு. முப்பது மாவட்டத்துக்காரங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்ல. யாருக்கும் எதுவும் தெரியல.

மூணு வாரம் கழிச்சு ஊர்லேர்ந்து சித்தப்பா போன்.

"தம்பி, பாப்பாவுக்கு அந்த உதவித்தொகை வரலப்பா. மாவட்டம் தப்பா இருக்குன்னு திருப்பிட்டாங்க."

"என்ன மாவட்டம் போட்டீங்க சித்தப்பா?"

"பெரம்பலூருதான். அதுல அரியலூரே இல்லியேப்பா! பிரவுசிங் சென்டர் தம்பி சொல்லுச்சு, அரியலூரை மறுபடி எடுத்துட்டாங்க போலருக்கு, பெரம்பலூரே போட்டுக்கலாம்னு. நானும் சரின்னுட்டேன். முன்னாடியும் ஒருவாட்டி எடுத்தாங்கதானே?"

எனக்கு வயித்துல புளி கரைச்ச மாதிரி ஆயிடுச்சு. "எடுத்தாங்கதானே"ன்னு அவர் கேட்டதுக்கு நான் என்ன பதில் சொல்ல? வேற எந்த ஊர்க்காரனா இருந்தாலும் "என்னங்க எங்க மாவட்டத்தையே காணோம்"னு சண்டைக்கு வந்திருப்பான். எங்க ஊர்க்காரங்க நம்பிட்டாங்க. மாவட்டம் வரும், போகும்னு அவங்க கண்ணால பார்த்தவங்க. தாசில்தார் கொடுத்த வருமானச் சான்றிதழ்ல அரியலூர் மாவட்டம், விண்ணப்பத்துல பெரம்பலூர் மாவட்டம். ரெண்டும் ஒத்துப் போகலன்னு அறக்கட்டளையில தள்ளிட்டாங்க. பாப்பா மட்டும் இல்ல. உடையார்பாளையம், செந்துறை, ஜெயங்கொண்டம்னு அந்தப் பக்கத்துப் பிள்ளைங்க விண்ணப்பம் எல்லாமே.

அன்னிக்கு நான் மொதல்ல என்ன பண்ணேன் தெரியுமா? சர்வர் பார்த்துக்கிறவரோட சண்டை போட்டேன். "என்னைக் கேக்காம எப்படி ஸ்கிரிப்ட் போட்டீங்க?"ன்னு. மனுஷன் பொறுமையா கேட்டுட்டு ஒரே கேள்விதான் கேட்டார். "ஃபைல் கிடைக்கலன்னா உங்க புரோகிராம் ஏன் சார் சொல்லல?"

ஙே!

அரியலூர்னா பழைய ஆளுங்களுக்கு ஞாபகம் வர்றது 1956 ரயில் விபத்து. மருதையாத்துல வெள்ளம் வந்து பாலம் போயி, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆத்துல விழுந்துச்சு. நூத்துக்கும் மேல உயிர் போச்சு. அப்போ ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி. பாலத்தை அவர் கட்டல, ரயிலை அவர் ஓட்டல. ஆனாலும் பொறுப்பு என்னுதுன்னு ராஜினாமா பண்ணார். அதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி மகபூப்நகர் விபத்தப்பவே கொடுத்து, நேரு வேணாம்னுட்டார். அரியலூருக்கு அப்புறம் ஏத்துக்கிட்டார். அந்த விபத்து நடந்த தேதி நவம்பர் 23. சரியா 51 வருஷம் கழிச்சு அதே நவம்பர் 23-லதான் அரியலூர் மறுபடி மாவட்டம் ஆச்சு. இந்தக் கதையைச் சின்ன வயசுலேர்ந்து பெருமையா கேட்டு வளர்ந்த நான், நான் எழுதின நாலு வரிக்கு அடுத்தவர் மேல பழி போட்டுக்கிட்டு நிக்கிறேன்.

மறுநாள் அறக்கட்டளைக்காரங்ககிட்ட நேர்ல போய் "தப்பு என்னோடது"ன்னு சொன்னேன். திட்டுவாங்கன்னு பார்த்தேன். திட்டல. தள்ளின விண்ணப்பத்தையெல்லாம் தாலுகா வாரியா மறுபடி எடுத்துப் பார்த்தாங்க. எப்படிப் பிரிச்சோம் தெரியுமா? பின்கோடு! அரியலூர் 621704, ஜெயங்கொண்டம் 621802. 1972-ல பின்கோடு வந்ததுலேர்ந்து இத்தனை தடவை மாவட்டம் மாறியும் அந்த ஆறு நம்பர் எங்களைக் கைவிடல. மாறிக்கிட்டே இருக்கிற பேரை நம்பி எதையும் கட்டாதே, மாறாத ஒண்ணைப் புடிச்சுக்கோன்னு அன்னிக்குத்தான் கத்துக்கிட்டேன்.

எல்லாருக்கும் கடிதம் போச்சு. பாப்பாவுக்குப் பணம் வந்துச்சு. ஆனா அதுக்குள்ள சித்தப்பா வட்டிக்கு வாங்கி ஃபீஸ் கட்டியிருந்தார். சில பேர்கிட்டேர்ந்து பதிலே வரல. அந்தப் பிள்ளைங்க காலேஜ்ல சேர்ந்தாங்களா இல்லையான்னு இன்னி வரைக்கும் எனக்குத் தெரியாது. சித்தப்பாகிட்ட உண்மையைச் சொன்னப்போ, "அட வுடு தம்பி, கவர்மெண்ட்டே எங்களை ரெண்டுவாட்டி தொலைச்சிருக்கு, நீ ஒருவாட்டி தொலைச்ச"ன்னு சிரிச்சார். நான் சிரிக்கல.

சரி, அந்தப் பையனுக்கு நான் சொல்லிக் கொடுத்ததை உங்களுக்கும் சொல்லிடறேன். ஃபைல் கிடைக்கலன்னா ஃபைலைத் தேடாதீங்க. மொதல்ல நீங்க எங்க நிக்கறீங்கன்னு பாருங்க.

ஒண்ணு. ஜாவாகிட்ட யூசர் டாட் டிர் என்னன்னு கேட்டு லாக்ல எழுதுங்க. அதுதான் புரோகிராம் நிக்கிற இடம். பாதி மர்மம் அங்கயே உடைஞ்சிடும்.

ரெண்டு. வெப் அப்ளிகேஷன்ல சும்மா ஃபைல் பாதையை நம்பாதீங்க. கிளாஸ்பாத்துலேர்ந்து எடுங்க. கிளாஸ் வழியா கேட்டா முன்னாடி சாய்கோடு போட்டாத்தான் உச்சியிலேர்ந்து தேடும், போடலன்னா அந்த பேக்கேஜுக்குள்ளயே தேடும். கிளாஸ்லோடர் வழியா கேட்டா சாய்கோடே போடக்கூடாது. இந்த ஒரு கோட்டுல எத்தனை பேர் ராத்திரித் தூக்கம் போயிருக்கு தெரியுமா!

மூணு. வார் ஃபைலைப் பிரிச்சுப் பாருங்க. ஃபைல் உள்ள இருக்கா? மேவன்ல ஜாவா ஃபோல்டர்ல போட்ட பிராப்பர்ட்டீஸ் மூட்டைக்குள்ள வராது, ரிசோர்சஸ் ஃபோல்டர்ல போட்டாத்தான் வரும்.

நாலு. விண்டோஸ்க்குப் பெரிய எழுத்து சின்ன எழுத்து ஒண்ணுதான். லினக்ஸ்க்கு வேற வேற. உங்க மெஷின்ல ஓடும், சர்வர்ல ஓடாது.

அஞ்சு. வார் ஃபைலைப் பிரிக்காமலே ஓட்டுற சர்வர்ல நிஜப் பாதை என்னன்னு கேட்டா நல் வரும். அதை நம்பி எழுதாதீங்க.

ஆறு. ஃபைல் கிடைச்சும் பழைய மதிப்பு வருதா? அதே பேர்ல இன்னொண்ணு எங்கயோ ஒளிஞ்சிருக்கும். வெப்-இன்ஃப்ல மொதல்ல கிளாசஸ், அப்புறம்தான் லிப். எந்த இடத்துலேர்ந்து எடுத்துச்சுன்னு முழு முகவரியோட லாக்ல எழுதச் சொல்லுங்க.

ஏழு. இதான் முக்கியம். ஃபைல் கிடைக்கலன்னா புரோகிராம் கத்தணும். ஸ்டார்ட் ஆகவே கூடாது. பழைய பட்டியலை வெச்சு ஒப்பேத்துற புத்திசாலித்தனம் வேணவே வேணாம்.

காலம் மாறிடுச்சுன்னு நீங்க சொல்லலாம். 2011-ல ஹெரோக்கு ஆளுங்க பன்னிரண்டு விதின்னு எழுதி, கான்ஃபிக்கையெல்லாம் சுற்றுச்சூழல் மாறிகள்ல வைங்கன்னாங்க. 2014-ல ஸ்பிரிங் பூட் 1.0 வந்துச்சு. ஜாருக்குள்ள, வெளியில, கான்ஃபிக் ஃபோல்டர்லன்னு அதுவே வரிசையா நாலு இடத்துல தேடும். நல்லதுதான். ஆனா இப்போ பசங்க கேக்கிற கேள்வி "ஏன் கிடைக்கல" இல்ல, "நாலுல எது கிடைச்சுது"ங்கிறது. அவ்வளவுதான் முன்னேற்றம் :-)

பேரு மாத்துற கூத்தும் நிக்கல. ஜாவாவோட எண்டர்பிரைஸ் பகுதியை ஆரக்கிள் 2017-ல எக்லிப்ஸ் ஃபவுண்டேஷனுக்குக் கொடுக்க முடிவு பண்ணுச்சு. பேரு ஜகார்த்தான்னு ஆச்சு. 2020-ல உள்ள இருந்த ஜாவாஎக்ஸ்-னு தொடங்குற பேரெல்லாம் ஜகார்த்தான்னு மாறிடுச்சு. அதே கிளாஸ், அதே வேலை, முகவரி மட்டும் வேற. பழைய அப்ளிகேஷனைத் தூக்கி டாம்கேட் 10-ல போட்டா சர்வ்லெட்டையே காணோம்னு சொல்லும். எனக்கு அது புதுசாவே தெரியல.

எங்க பக்கம் பூமிக்கு அடியில போனாலும் இதே கதைதான். அரியலூர், பெரம்பலூர் பக்கம் ஒரு காலத்துல கடல். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூர்ல கல்லாப் போன மரம் ஒண்ணு கிடக்கு, 18 மீட்டர் நீளம். 1940-ல நிலவியல் துறை எம்.எஸ். கிருஷ்ணன் கண்டுபிடிச்சது. 1860-கள்ல பிளான்ஃபோர்டுங்கிற வெள்ளைக்காரர் இந்தப் பாறை அடுக்குகளை ஆராய்ஞ்சு ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர்னு மூணாப் பிரிச்சுப் பேரு வெச்சார். மேல மாவட்டம் எத்தனை தடவை மாறினாலும் கீழ பாறைக்கு இன்னும் அதே பேருதான். மாவட்டமா நாங்க இல்லாத காலத்துலயும் பாறைப் புத்தகத்துல அரியலூர் இருந்துச்சு. உச்சியிலேர்ந்து எழுதின முழுப் பாதைன்னா அதுதான்!

தமிழ்நாட்டுல இப்போ 38 மாவட்டம். 2019-லயும் 2020-லயும் புதுசா ஆறு வந்துச்சு. எத்தனை புரோகிராம்ல எத்தனை பேர் டைப் அடிச்சு வெச்ச பழைய பட்டியல் தூங்கிட்டிருக்கோ. உங்ககிட்ட ஒண்ணு இருந்தா இன்னிக்கே எடுத்துப் பாருங்க. மயிலாடுதுறையிலயோ தென்காசியிலயோ ஒரு அப்பா, "மாவட்டத்தைத் திரும்ப எடுத்துட்டாங்க போலருக்கு"ன்னு நம்பிக்கிட்டு உக்காந்திருக்கப் போறார்.

டிஸ்கி: அந்தப் பையனோட ஃபைல் கிடைச்சிடுச்சு. பேரோட கடைசியில விண்டோஸ் மறைச்சு வெச்ச ஒரு டாட் டிஎக்ஸ்டி ஒட்டிக்கிட்டிருந்துச்சு. இவ்வளவு வரலாறு சொன்னதுக்கு விடை அதுதான். அவன் இன்னும் என்னை முறைச்சுக்கிட்டே இருக்கான் :-)